ஐயாவின் ஆறாவது விடைபெறுதல்

ஊழியத் தலைமையிலிருந்து ஐயா ஓய்வு பெறும் கூட்டம் வழக்கம்போல் இந்த வருடமும் நடைபெறும் என்று ஞாயிறு ஆராதனையில் அறிவித்தார்கள். சபையார் வழக்கம்போல் ஸ்தோத்திரம் சொன்னார்கள். சுவரோரமாக ஆம்பிளிஃபயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைக்காரன் மட்டும் நன்றாக இருந்த ஒயரைக் கழற்றி மறுபடி சொருகினான்.

மற்ற உத்தியோகங்களில் மனிதர்கள் ஒரே ஒரு தடவைதான் ஓய்வு பெறுகிறார்கள். ஒரு மாலை, நாலு பேர் பேச்சு, ஒரு குரூப் போட்டோ, கதை முடிந்தது. ஐயா அப்படி அவசரப்படுகிற ஆள் இல்லை. ஏற்கனவே ஐந்து தடவை ஓய்வு பெற்றுவிட்டார். இது ஆறாவது. மேடைக்குப் பின்னால் கட்டும் பேனரைக்கூட மாற்றுவதில்லை. 'தலைமைத்துவப் பயணத்தில் நான் கற்ற பாடங்கள்: ஐயாவின் விடைபெறும் செய்தி' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். வருடத்தை மட்டும் காகிதத்தில் எழுதி மேலே ஒட்டிவிடுவார்கள். ஒட்டி ஒட்டி அந்த இடம் மட்டும் அட்டை மாதிரி தடித்துப்போயிருந்தது.

முதல் தடவை ஐயா நிஜமாகவே போக நினைத்திருக்கலாம். அது அவருக்கே இப்போது சரியாக ஞாபகமில்லை. அன்றைக்கு மைக்காரன் இந்த ஊழியத்தில் வேலைக்குச் சேரவில்லை. சொந்தமாக நாலு ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு கல்யாணம், கட்சிக் கூட்டம், கடை திறப்பு என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தான். ஐயாவை அவனுக்கு வேறொரு வகையில் தெரியும். அவன் மகள் காய்ச்சலில் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, யாரோ சொல்லி ஐயா வந்தார். வராந்தா பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். பொழுது சாயும்வரை உட்கார்ந்தே இருந்தார். ஒரு பாடமும் சொல்லவில்லை. பிள்ளை கண் திறந்த பிறகு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த நன்றிதான். ஐயா மேடையில் நின்று, "இன்றோடு நான் இந்தப் பொறுப்பை இறக்கி வைக்கிறேன்" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றியதும், அந்தக் கூட்டத்துக்கு வாடகைக்கு ஸ்பீக்கர் வைக்க வந்து மூலையில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மைக்காரன் தன்னை மறந்து ஓடினான். "போகாதீங்கய்யா! எங்களை விட்டுட்டுப் போகாதீங்கய்யா!" என்று பிரசங்க மேடையின் காலைக் கட்டிக்கொண்டு கதறினான். அவனைப் பார்த்துப் பெண்கள் அழுதார்கள். பெண்களைப் பார்த்து ஆண்கள் அழுதார்கள். எல்லாரையும் பார்த்து ஐயா அழுதார். "மக்களின் குரலில் கர்த்தரின் குரலைக் கேட்கிறேன்" என்று சொல்லி, கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

அடுத்த வாரமே செயலாளர் ஆள் அனுப்பினார். செயலாளர் அரசாங்க அலுவலகத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். எந்த விஷயத்தையும் முடித்துவிடக் கூடாது என்பது அங்கே அவர் படித்த பால பாடம். மைக்காரனுக்கு 'முழுநேர ஒலி ஊழியர்' என்று ஒரு பதவியும், மண்டபத்துக்குப் பின்னால் இரண்டு அறை உள்ள ஒரு வீடும் கொடுத்தார். தன் ஸ்பீக்கரின் தரத்துக்குக் கிடைத்த மரியாதை என்று மைக்காரன் பூரித்துப்போனான். ஒரு வருடம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது.

"கூட்டம் வருது. போன வருஷம் மாதிரியே பண்ணிடுங்க" என்றார் செயலாளர்.

"ஸ்பீக்கரா சார்?"

"ஸ்பீக்கர் கிடக்கட்டும். அழுகை."

மைக்காரன் தலையைச் சொறிந்தான். "சார், அது தானா வந்துச்சு."

"இந்த வருஷமும் தானா வரட்டும். யாரு வேண்டாம்னா? ஆவியானவர் எப்படி நடத்துறாரோ அப்படியே நடக்கட்டும். ஆனா மூணாவது வரிசையில இருந்து நடக்கட்டும். போன தடவை மூலையில இருந்து ஓடி வந்ததுல வீடியோவுல பாதி விழல."

இப்படியாக மொத்தம் ஐந்து தடவை அழுதாகிவிட்டது. முதல் அழுகைக்கு ஒரு பைசா கிடையாது. மற்ற நாலுக்கும் வீடு. "அழறதுக்கு வீடு குடுக்கிற ஒரே வேலை உலகத்துலயே உங்களுதுதான்" என்று அவன் மனைவி சொல்வாள். அவள் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தாள். அங்கே தைத்தால்தான் கூலி.

இந்த வருட ஏற்பாடுகள் ஒரு மாதம் முன்பே தொடங்கின. ஒத்திகை என்ற வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது. 'ஆயத்த ஜெபம்' என்று பெயர். செயலாளர் மேடையில் ஐயாவின் இடத்தில் நின்றுகொள்வார். மைக்காரன் மூன்றாவது வரிசை ஓரத்திலிருந்து எழுந்து ஓடி வருவான். அவன் மேடையைத் தொட்டதும் பெண்கள் பக்கம் விம்மல் தொடங்க வேண்டும். விம்மல் கேட்டதும் வாலிபர்கள் முழங்கால் போட வேண்டும். போன வருடம் ஒரு வயதான சகோதரி அவசரப்பட்டு ஒன்பதாவது பாடத்திலேயே அழுது தொலைத்துவிட்டார். ஐயா மேற்கொண்டு பாடம் சொல்ல முடியாமல் கஷ்டப்பட்டார். அந்தச் சகோதரியை இந்த முறை மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைப்பதென்று முடிவாயிற்று. அங்கே அவருக்கு நன்றாகத் தூக்கம் வரும்.

ஐயாவுக்கு இதெல்லாம் தெரியாது. அதாவது, தெரியாது என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் ஆயத்த ஜெபம் நடக்கும்போது தற்செயலாக வாசலில் வந்து நின்றார்.

"இங்க என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்" என்றார். பிறகு போகிற போக்கில், "மைக்குக்கு வெந்நீர் ஏதாவது குடுங்கப்பா. போன தடவை தொண்டை கட்டியிருந்துச்சு" என்றார்.

வாரிசு ஒருவரும் வேண்டும். யாரிடமாவது பொறுப்பை நீட்டினால்தானே வேண்டாம் என்று தடுக்க முடியும்? ஊழியத்தின் சாவிக்கொத்தை ஐயா வாரிசிடம் நீட்டுவார். வாரிசு கையை நீட்டுவார். அந்த நேரம் பார்த்து அழுகை வரும். சாவிக்கொத்து ஐயாவின் பைக்குத் திரும்பும். எல்லாரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட வேண்டியது வாரிசின் கடமை. ஐந்து வாரிசுகள் அப்படிச் சந்தோஷப்பட்டார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் குளிர் அடிக்கும் தூர தேசத்தில் ஊழியம் செய்ய ஒரு பாரம், அதாவது தெய்வ அழைப்பு, உண்டாயிற்று. அந்தப் பாரம் அவர்களுக்கு வருமுன்பே ஐயாவுக்கு வந்துவிடும். இந்த வருடம் இளைய போதகரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று சொன்னதும் அவர் நேராக வீட்டுக்குப் போய், மனைவியிடம் கம்பளித் துணிகளை எடுத்து வெயிலில் போடச் சொன்னார்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அம்மா வந்தார். அம்மா என்றால் ஐயாவின் மனைவி. மைக்காரன் மேடைக்குக் கீழே உட்கார்ந்து ஒயர்களைச் சோதித்துக்கொண்டிருந்தான். இத்தனை வருடத்தில் அம்மா அவனிடம் பேசியதெல்லாம் "சாப்பிட்டியாப்பா" என்ற ஒரே கேள்விதான். அன்றைக்கும் அதைக் கேட்டார். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த வருஷமும் நீதான் அழப்போறியா?"

"ஆமாம்மா. சொல்லியிருக்காங்க."

"ஒவ்வொரு வருஷமும் கூட்டம் முடிஞ்ச அன்னிக்கி சாயங்காலத்துக்கு டிக்கெட் எடுப்பேன். மக வீட்டுக்கு. மதியம் கேன்சல் பண்ணுவேன். டிக்கெட் கவுன்டர்ல இருக்கிற பொண்ணு இப்ப என்னைப் பாத்தாலே சிரிக்குது." அம்மாவும் லேசாகச் சிரித்தார். "பேத்திக்கு வாய் நல்லா வந்துடுச்சு. தாத்தா யாருன்னு கேட்டா டிவியைக் காட்டுறா. அவரு பிரசங்கம் போட்டுக் காட்டுறாங்க இல்ல, அவரு அதுக்குள்ளயே குடியிருக்கார்னு நெனச்சிட்டிருக்கா."

மைக்காரன் கையிலிருந்த ஒயரைச் சுருட்டத் தொடங்கினான்.

"தலைவர்னா இந்த ஊழியத்துல எல்லாருக்கும் ஒருத்தர் இருக்கார்" என்றார் அம்மா. "புருஷன்னு எனக்குத்தான் ஒருத்தரும் இல்ல. காலையில ரெண்டு மாத்திரை, ராத்திரி ரெண்டு மாத்திரைன்னு ஓடிட்டிருக்கு அவரு உடம்பு. எந்த மேடையிலயாவது விழுந்து போயிடுவாரோன்னு பயமா இருக்கு. நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்ப்பா. இந்தத் தடவை அழாம இரு. அது போதும்."

"செயலாளர் சார் சும்மா விடமாட்டாரேம்மா?"

"என்ன செய்வார்? அழலைன்னு வேலையை விட்டு எடுத்தா, என்ன காரணம்னு ஊருக்குச் சொல்லுவார்?"

சொல்லிவிட்டு அம்மா நாற்காலியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். மைக்காரனுக்கு அப்புறம் எந்த ஒயர் எதில் சொருகுவது என்றே தெரியவில்லை.

மறுநாள் காலை செயலாளர் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பின்புறத்து வீட்டை நிரந்தரமாக அவனுக்கே ஒதுக்கலாம் என்று நிர்வாகக் குழுவுக்கு ஒரு பாரம் உண்டாகியிருப்பதாகச் சொன்னார். "கூட்டம் முடியட்டும். எல்லாம் கர்த்தருடைய சித்தப்படி ஆகும். இந்தத் தடவை கொஞ்சம் நீளமா அழுங்க. வெளியூர்ல இருந்து ஆளுங்க வர்றாங்க."

மதியம் சாப்பிடும்போது மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தாள்.

"ஒருத்தங்க கத்தாதேங்கிறாங்க. ஒருத்தர் நீளமா கத்துங்கிறார். உங்க மனசு என்ன சொல்லுது?"

"என் மனசை யாரு கேட்டா? நாலு வருஷமா அதுக்கு வேலையே இல்ல."

"வீடு போனா போகட்டும். என் தையல் இருக்கு, உங்க ஸ்பீக்கர் இருக்கு. ஆனா ஒண்ணு. அன்னிக்கி ஆஸ்பத்திரியில அவரு நம்ம பக்கத்துல வந்து உக்காந்தார்ல, அந்த மனுஷனுக்கு எது நல்லதோ அதைப் பண்ணுங்க. மேடையில நிக்கிறவருக்கு இல்ல."

அவளுக்கு இதைச் சொல்லிவிடுவது சுலபம். அந்த இரண்டு ஐயாக்களும் ஒரே சட்டையைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது மைக்காரனின் பிரச்சினை.

கூட்ட நாள் வந்தது. மண்டபம் நிரம்பி வழிந்தது. சமையல் கூடத்திலிருந்து மதியச் சாப்பாட்டின் வாசனை வந்துகொண்டிருந்தது. ஐயா எழுந்து மைக்கைத் தட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பிரியமானவர்களே! இத்தனை வருட ஊழியத்தில் நான் கற்ற முதல் பாடம், நேரம் வந்ததும் விலகத் தெரிந்தவனே தலைவன். இதை நான் ஒவ்வொரு வருடமும் சொல்லிவருகிறேன்!"

"ஆமென்!" என்றது சபை.

ஐயாவின் சபை நன்றாகப் பழக்கப்பட்ட சபை. அவர் குரலை உயர்த்தி நிறுத்தினால் ஆமென் சொல்ல வேண்டும். தாழ்த்தி நிறுத்தினால் கண்ணைத் துடைக்க வேண்டும். என்ன சொன்னார் என்பதையும் சிலர் கவனிப்பதுண்டு. ஆனால் அது கட்டாயம் இல்லை.

"இரண்டாவது பாடம், தாழ்மை. ஆரம்பத்தில் எனக்குத் தாழ்மை கிடையாது. ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் இன்று, இந்த வட்டாரத்தில் தாழ்மையில் எனக்குச் சமமானவர் யார் என்று நானே விசாரித்துப் பார்த்துவிட்டேன். ஒருவர் இருந்தார். அவரும் போன மாதம் தவறிவிட்டார்."

சபை கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"மூன்றாவது, பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பது. ஒரு நாள் உடன் ஊழியர் ஒருவர் மனம்விட்டுப் பேச வேண்டும் என்று வந்தார். 'உட்கார் தம்பி, கேட்பது எவ்வளவு முக்கியம் என்று முதலில் சொல்கிறேன்' என்றேன். மதியம் வரை சொன்னேன். கண்ணீரோடு எழுந்து போனார். அவர் என்ன சொல்ல வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு நாள் அவரை எப்படி மாற்றிவிட்டது! அதற்குப் பிறகு அவர் பேச வருவதே இல்லை!"

"ஆமென்!"

"பொறுப்பைப் பகிர்ந்து கொடு. எல்லாவற்றையும் நான் பகிர்ந்து கொடுத்துவிட்டேன். சாவி மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. விமர்சனத்தை அன்போடு ஏற்றுக்கொள். என்னை விமர்சித்தவர்களுக்காகப் பேர் பேராகச் சொல்லி தினமும் ஜெபிக்கிறேன். அவர்கள் இப்போது எந்தெந்தச் சபையில் இருக்கிறார்கள், அங்கே யாரிடம் அவர்களைப் பற்றிச் சொல்லிவைக்க வேண்டும் என்பதுவரை எனக்குத் தெரியும். தவறை ஒப்புக்கொள்ளத் தயங்காதே. நானும் தவறு செய்திருக்கிறேன். மற்றவர்களை அளவுக்கு மீறி நம்பியிருக்கிறேன்."

பாடங்கள் வந்துகொண்டே இருந்தன. முதல் வருடம் விரல் விட்டு எண்ணிவிடலாம் போலத்தான் இருந்தன. பிறகு, போகாமல் இருப்பதிலிருந்து ஐயா வருடா வருடம் புதிதாகக் கற்றுக்கொண்டார். மின்விசிறிக்குக் கீழே அந்தச் சகோதரி எதிர்பார்த்தபடியே தூங்கிப்போனார்.

"கடைசியாகக் குடும்பம். குடும்பத்தைப் பலி கொடுத்து ஊழியம் செய்யாதே. நான் என் குடும்பத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கினேன் என்று என் மனைவியைக் கேளுங்கள். அவளே சொல்வாள்."

அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை நீவிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை.

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். செயலாளர் மேடையின் ஓரத்திலிருந்து மைக்காரனுக்குக் கண்ணைக் காட்டினார். மைக்காரன் ஏற்கனவே மூன்றாவது வரிசை ஓரத்துக்கு வந்துவிட்டிருந்தான். வெந்நீர் குடித்திருந்தான். தொண்டை கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது.

ஐயா சாவிக்கொத்தை வெளியே எடுத்தார். இளைய போதகர் கையை நீட்டினார். ஐயா குரலைத் தாழ்த்தி, "இன்றோடு நான் இந்தப் பொறுப்பை இறக்கி வைக்கிறேன்" என்று சொல்லி நிறுத்தினார்.

மைக்காரன் எழுந்தான். வாயைத் திறந்தான். முன்வரிசையில் அம்மாவின் முதுகு தெரிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மேடையில் நின்ற ஐயாவின் கால்கள் வேட்டிக்குள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. ஐந்து வருடமாக அந்தக் கால்களுக்குக் கீழேதான் அவன் விழுந்து அழுதிருக்கிறான். அவை நடுங்குவதை ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. அழுகிற வேகத்தில் எங்கே கவனிப்பது? மைக்காரன் வாயை மூடிக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டான். அவன் செய்ததெல்லாம் அவ்வளவுதான்.

பெண்கள் பக்கம் முந்தானையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்க் காத்திருந்தது. வாலிபர்கள் பாதி முழங்காலில் நின்றார்கள்.

ஐயா இருமினார். "இன்றோடு..." என்று மறுபடி தொடங்கினார். மூன்றாவது வரிசையைப் பார்த்தார். "இறக்கி வைக்கிறேன்" என்றார். மைக்காரன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐயாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் வந்தால் அவருக்குக் குரல் தாழாது. கால் பெருவிரலில் எழும்பி, ஒரு கையை மேலே தூக்கி, கூரை அதிரச் சொன்னார்:

"பிரியமானவர்களே! இன்றோடு! நான்! இந்தப் பொறுப்பை விட்டு! விலகுகிறேன்!"

உயர்ந்து நின்ற குரல். சபைக்கு வேறென்ன தெரியும்? ஒரே வாயாக, "ஆமென்!" என்றது.

அதோடாவது நின்றிருக்கலாம். முப்பது வருடப் பழக்கம் ஐயாவை மட்டும் விட்டுவிடுமா? அவர் கை தானாகக் காதுக்குப் போயிற்று. "சத்தம் கேக்கலையே!" என்றார்.

"ஆமென்!!"

"கையைத் தட்டிச் சொல்லுங்க பாப்போம்!"

சபை கையைத் தட்டி, காலைத் தட்டி, மூன்றாம் தடவையும் ஆமென் சொன்னது. மின்விசிறிக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்த சகோதரி திடுக்கிட்டு எழுந்து, எதற்கென்று கேட்காமலே, "அல்லேலூயா!" என்று கத்தினார். ஐயாவின் முகத்தில் ஒரு புன்னகை பாதி வந்து, அப்படியே உறைந்து நின்றது. அந்த அதிர்ச்சியில் விரல்கள் தளர்ந்து, சாவிக்கொத்து இளைய போதகரின் கையில் விழுந்தது. ரயில் வரவே வராது என்று நினைத்துத் தண்டவாளத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தவன் ரயிலைக் கண்டதுபோல இளைய போதகர் விழித்தார்.

மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. ஐயா நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். மைக்காரனைப் பிடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

"ஏன் கத்தல?" என்று செயலாளர் பல்லைக் கடித்தார்.

"ஆவியானவரோட ஏவுதல் வரல சார்" என்றான் மைக்காரன்.

கொடுத்த வேலையைச் செய்யவில்லை என்று சொன்னால், அழுகை ஒரு வேலை என்று ஆகிவிடும். ஏவுதலுக்காகக் காத்திருக்கக் கூடாது என்றும் இந்த ஊழியத்தில் யாரும் சொல்ல முடியாது. செயலாளர் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அரசாங்கத்தில் இருந்த மூளை, சும்மா விடுமா?

"மைக்ல கோளாறு. ஐயா சொன்னது சரியா கேக்கல, அதனால ஜனங்க தப்பா புரிஞ்சுக்கிட்டு ஆமென் சொல்லிட்டாங்க. இப்ப நீங்க வெளிய போய் அப்படித்தான் சொல்லப்போறீங்க. ஐயா மறுபடியும் சொல்லுவார். நீங்க மறுபடியும் அழுவீங்க. வீட்டு விஷயம் ஞாபகம் இருக்குல்ல?"

மைக்காரன் தன்னை என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வான். மைக்கைச் சொன்னால் பொறுக்கமாட்டான். "மைக் நல்லாத்தான் இருந்துச்சு சார். கடைசி வரிசை வரைக்கும் கணீர்னு கேட்டுச்சு. இப்பவும் ஆன்லதான் இருக்கு."

அது உண்மை என்பதுபோல் அறைச் சுவரிலிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. யாரோ மைக்கை விரலால் தட்டினார்கள். பிறகு அம்மாவின் குரல் வந்தது. அந்த மண்டபத்தில் அம்மாவின் குரல் ஸ்பீக்கரில் வருவது அதுதான் முதல் தடவை. பேசுவது யார் என்று தெரியாதவர்போல் ஐயா நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்குப் பேசத் தெரியாது. ஐயா போயிட்டு வரலாமான்னு கேட்டதுக்கு நீங்க எல்லாரும் மனசார மூணு தடவை ஆமென் சொன்னீங்க. ரொம்ப நன்றி. இன்னிக்கி சாயங்காலம் ரயில்ல நாங்க மக வீட்டுக்குப் போறோம். எங்களுக்காக வேண்டிக்கோங்க. சாப்பாடு தயாரா இருக்கு. சூடு ஆறிடும், பின் வரிசையில இருந்து எழுந்து வாங்க."

வழக்கமாக அழுகைக்கு அப்புறம் ஐயா மனம் மாறுவார். மனம் மாறியதற்கு நன்றி ஜெபம் நடக்கும். நன்றி ஜெபத்துக்குப் பதில் ஜெபம் நடக்கும். சாப்பாடு கைக்கு வரும்போது பசி செத்துவிடும். சூடான சாப்பாடு சபையின் வரலாற்றிலேயே அன்றுதான் கிடைத்தது. செயலாளர் கதவைத் திறந்துகொண்டு ஓடி, "ஒரு முக்கியமான அறிவிப்பு, ஒரு முக்கியமான அறிவிப்பு" என்று கத்தினார். இருநூறு நாற்காலிகள் நகரும் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. சாப்பிட்டு முடித்து வந்த ஒவ்வொருவரும், இந்த வருடக் கூட்டம்தான் இதுவரை நடந்ததிலேயே மிகவும் ஆசீர்வாதமாக இருந்தது என்றார்கள்.

சாயங்காலம் ரயில் நிலையத்துக்கு மைக்காரன் மட்டும்தான் கூட வந்தான். செயலாளரால் வர முடியவில்லை. அவர் இளைய போதகருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார். மதியம்வரை பயந்து நடுங்கிய இளைய போதகர், சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் தெளிந்து, தலைமைத்துவத்தின் முதல் நாளில் தான் கற்ற பாடங்களைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் வைக்கலாமா என்று கேட்டிருந்தார்.

பிளாட்பாரத்தில் ஐயாவை யாருக்கும் தெரியவில்லை. ஒரு ஆள் அவரை இடித்துக்கொண்டு போனான். டீக்காரன், "பெரியவரே, ஓரமா நில்லுங்க" என்றான். ஐயா ஓரமாக நின்றார். அவர் கை சட்டைப் பையைத் தடவித் தடவிப் பார்த்தது. உள்ளே ஒன்றும் இல்லை. மைக்காரன் பெட்டிகளை ஏற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கீழே இறங்கினான். அம்மா ஏற்கனவே ஜன்னலோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

வண்டி ஊதியது. ஐயா கம்பியைப் பிடித்து, ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு நிறுத்தினார். திரும்பி மைக்காரனைப் பார்த்தார். மேடையில் நிறுத்துவாரே, அதே நிறுத்தம். ஆனால் முகத்தில் கோபமும் இல்லை, பிரசங்கமும் இல்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனிதர் இப்போது தலை நரைத்து, எங்கே போகிறோம் என்று தெரியாமல் படியில் நிற்பதை மைக்காரன் பார்த்தான். அவ்வளவுதான். யாரும் சொல்லாமல், எந்த வரிசையும் இல்லாமல், பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. 'போகாதீங்கய்யா' என்ற வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு நின்றான்.

ஐயாவின் முகம் மலர்ந்தது. படியிலிருந்த காலை மெல்லக் கீழே எடுத்தார்.

"இங்க பாரு, பையன் அழறான்!" என்று ஜன்னலைப் பார்த்துக் கூவினார்.

"அழட்டும்" என்றார் அம்மா. "நீங்க ஏறுங்க."

ஐயா ஏறினார்.